டைல்ஸ் தரைக்கு சிமென்ட் கலவையா, பேஸ்ட்டா? ராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கு ஓர் அலசல்

புதிதாகப் போட்ட செராமிக் டைல்ஸைச் சாவியால் தட்டினால் சில இடத்தில் ‘டக்’ என்று கெட்டியாகவும், சில இடத்தில் ‘டொப்’ என்று பொள்ளலாகவும் கேட்கும். பொள்ளல் என்றால் டைல்ஸ் அடியில் எங்கோ பிடிப்பு இல்லை, காற்று நிற்கிறது. சிமென்ட் கலவைக்குப் பதில் பேஸ்ட் (தண்ணீரில் கலக்கிப் பரப்பும் டைல்ஸ் ஒட்டுப்பொடி) போட்டால் இந்தச் சத்தம் வராதா என்றுதான் கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், தொண்டி பக்கம் வீடு கட்டுகிறவர்கள் முதலில் கேட்கிறார்கள். பேஸ்ட்டிலும் வரும், கலவையிலும் வரும். வருகிற காரணம்தான் வேறு வேறு. உப்புத் தண்ணியும் விடாத காற்றும் உள்ள நம் ஊரில் எந்தக் காரணத்தை அடக்குவது சுலபம் என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

கலவையும் சிமென்ட் பாலும்

பழகிய முறை இது. ஒரு பங்கு சிமென்டுக்கு நான்கு பங்கு மணல், 20 மி.மீ. கனம், மேலே சதுர மீட்டருக்கு 3.3 கிலோ சிமென்டைத் தண்ணீரில் கரைத்த சிமென்ட் பால் என்பது மத்தியப் பொதுப்பணித் துறையின் கணக்கு. 100 சதுர அடிக்குப் பாலையும் சேர்த்து ஏறக்குறைய 2 மூட்டை சிமென்ட், 7 கன அடி மணல் வரும்.

கலவை ஈரப்பதமாக இருந்தால் போதும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. கொட்டி, மட்டப்பலகையால் இழுத்து, கரண்டியால் அடித்து இறுக்க வேண்டும். டைல்ஸை ஒருமுறை வைத்து, ரப்பர் சுத்தியால் தட்டி மட்டம் பார்த்து, தூக்கிப் பள்ளம் தெரிகிற இடத்தில் கலவை போட்டு, அதன் பிறகே பால் ஊற்றி மறுபடி வைக்க வேண்டும். இந்த ‘ஒருமுறை வைத்துத் தூக்குவதை’ விட்டுவிடுவதுதான் பாதிப் பொள்ளலுக்குக் காரணம்.

மீதிக் காரணங்களும் கண்முன்னே நடப்பவைதான். தரை மட்டம் சரியில்லை என்று ஒரு மூலையில் 60, 70 மி.மீ. கலவையைக் கொட்டி இறுக்காமல் விட்டால், அது காய்ந்து தாழும்போது டைல்ஸ் அப்படியே நிற்கும். பாலுக்குப் பதில் சிமென்ட் பொடியைத் தூவித் தண்ணீர் தெளித்தால் பாதிப் பொடி நனையாமலே கிடக்கும். பாலை நடுவில் மட்டும் ஊற்றினால் நான்கு மூலையும் காலி. செராமிக் டைல்ஸ் தண்ணீர் குடிக்கும் ஜாதி. குமிழி அடங்கும்வரை ஊறவைத்து, மேலீரம் துடைத்துப் போடாவிட்டால் பாலிலுள்ள தண்ணீரை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அடியில் பிடிக்காத சாம்பல் பொடிதான் மிஞ்சும்.

கண்ணாடி போல் இறுகச் சுட்ட விட்ரிஃபைட் டைல்ஸின் கதை தலைகீழ். அது உறிஞ்சுவது அரை சதவீதத்துக்குள். சிமென்ட் பால் அதன் முதுகில் பிடிக்கவே சிரமப்படும். கலவை முறையில் போட்ட விட்ரிஃபைட் தரையில் பொள்ளல் அதிகம் கேட்பது இதனால்தான். விட்ரிஃபைட் வாங்குகிறவர்கள் கலவையை மறந்துவிடுவது நல்லது.

பேஸ்ட்

ஐ.எஸ். 15477 (டைல்ஸ் பேஸ்ட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரையுள்ள 20 கிலோ மூட்டை, 10 மி.மீ. பல் கரண்டியில் (விளிம்பில் பல் வெட்டிய கரண்டி) 40 முதல் 50 சதுர அடிக்கு வரும். மூட்டைக்கு 5 லிட்டர் தண்ணீர் என்பது பொதுவான அளவு. சரியான அளவு மூட்டையிலேயே அச்சிட்டிருக்கும். முதலில் தண்ணீர், அதில் பொடி. கலக்கி 5 நிமிடம் விட்டு மறுபடி கலக்க வேண்டும். இறுகத் தொடங்கிய பேஸ்ட்டில் தண்ணீர் விட்டு இளக்கினால் அதன் பிடிமானம் போய்விடும்.

டைல்ஸை ஊறவைக்கக் கூடாது. முதுகில் சூளையிலிருந்து ஒட்டி வரும் வெள்ளைப் பொடியை ஈரத்துணியால் துடைத்தால் போதும். துடைக்காவிட்டால் பேஸ்ட் அந்தப் பொடியைத்தான் பிடித்துக்கொள்ளும். பல் கரண்டியின் கோடுகள் ஒரே திசையில் நேராக ஓட வேண்டும். டைல்ஸை வைத்து, கோடுகளுக்குக் குறுக்கே முன்னும் பின்னும் அசைத்து அழுத்தினால் வரப்புகள் சாய்ந்து காற்று வெளியேறும். வட்டம் வட்டமாகத் தீற்றினால் காற்றுக்குப் போக வழியில்லை. 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் என்றால் முதுகிலும் மெல்லிசாக ஒரு பூச்சு தேவை.

இங்கே பேஸ்ட்டுக்குப் பகை காற்று. பரப்பிய பிறகு 20 நிமிடம் தாங்கும் என்பது ஆய்வகக் கணக்கு. ஆடியில் கச்சான் (மேல்காற்று) வீசும்போது, ஜன்னல் வைக்காத வீட்டில், அதில் பாதி நேரத்திலேயே மேலே ஆடை கட்டிவிடும். விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் வழுக்கினால் அந்தப் பகுதியைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பரப்ப வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று டைல்ஸ் அளவுக்கு மேல் பரப்பாமல், காற்று வரும் பக்கத்தில் தார்ப்பாய் கட்டிவிட்டால் பிரச்சினை அடங்கும். சூடேறிக் கிடக்கும் தரையை ஈரத்துணியால் ஒற்றிவிட்டுத் தொடங்க வேண்டும்.

பேஸ்ட்டின் உண்மையான செலவு மூட்டை விலையில் தெரியாது. அது மேடு பள்ளத்தை நிரப்பாது. ஆறடி மட்டப்பலகை வைத்தால் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. நம் வீட்டுத் தரைகள் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. முதலில் மட்டக்காரை போட்டு, 7 நாள் நனைத்து, மூன்று வாரமாவது காயவிட வேண்டும். இதைச் சொல்லாமல் சதுர அடிக் கூலி மட்டும் பேசினால், மட்டம் சரிசெய்யப் பேஸ்ட்டைக் கட்டி கட்டியாக அப்புவார்கள்; கனமான பேஸ்ட் காயும்போது சுருங்கி மறுபடி பொள்ளல்தான்.

நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து ஒட்டுகிற வேலையைத் தரையில் அனுமதிக்கவே வேண்டாம். எந்தப் பொருளில் செய்தாலும் அது கெடுதல். உருண்டைகளுக்கு நடுவே இருப்பதெல்லாம் வெற்றிடம். சிலிண்டர் விழுந்தால் டைல்ஸ் உடையும்.

நல்ல தண்ணிக் கணக்கு

கடற்கரையில் முடிவைத் தீர்மானிப்பது இதுதான். சாந்தில் உப்பு இருந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஜாயிண்டில் வெள்ளையாகப் பூக்கும். உப்பு படிகமாகும்போது டைல்ஸுக்கும் கலவைக்கும் நடுவே தள்ளி, பிடிப்பை மெல்ல விடுவிக்கும். முதல் வருடம் கெட்டியாகக் கேட்ட தரை பின்னால் டொப்பென்று கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஐ.எஸ். 456 கான்கிரீட்டுக்கு எழுதப்பட்டது என்றாலும் ஒரு அளவுகோல் தருகிறது: கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 2000 மி.கி., கம்பி உள்ளதற்கு 500 மி.கி. தாண்டக் கூடாது. போர் தண்ணியை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கரையோர மணலை எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள்; உப்போடு சிப்பித் தூளும் ஒரே அளவு நுண்மணலும் சேர்ந்தது அது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். பேஸ்ட்டில் 100 சதுர அடிக்கு 10, 12 லிட்டர். ஒரு குடம் தண்ணியில் முடிந்துவிடும். காவிரிக் கூட்டுக் குடிநீரோ தள்ளுவண்டிக் குடமோ போதும். கலவையில் சாந்துக்கும் பாலுக்குமே ஐந்தாறு குடம், டைல்ஸ் ஊறவைக்க, பிறகு ஒரு வாரம் தரையை நனைக்க என்று போய்க்கொண்டே இருக்கும். அங்கேதான் யாரோ ஒருவர் போர் குழாயைத் திறந்துவிடுவார். மட்டக்காரைக்கும் நல்ல தண்ணி வேண்டும் என்பதால் பேஸ்ட் முழுதாகத் தப்பிக்கவில்லை. ஆனால் டைல்ஸைப் பிடித்திருக்கும் அந்த அடுக்காவது உப்பில்லாமல் இருக்கும்.

ஆகவே மாடி, சமையலறை, குளியலறை, விட்ரிஃபைட் தரை எல்லாவற்றுக்கும் பேஸ்ட். மாடியில் எடையும் குறையும்: 20 மி.மீ. கலவையே சதுர மீட்டருக்கு 40 கிலோ, பேஸ்ட் 5 கிலோதான். கீழ்த்தளத்தில் சாதாரண 1 அடி செராமிக், மட்டமில்லாத தரை, கைதேர்ந்த கொத்தனார், கழுவிய ஆற்றுமணலோ எம்-சாண்டோ, நல்ல தண்ணி எல்லாம் சேர்ந்தால் கலவை இன்றும் நல்ல தேர்வு. ஆனால் மணல் நிரப்பிய பேஸ்மட்டத்தை அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இறுக்கி, கான்கிரீட்டுக்கு அடியில் 250 மைக்ரான் பாலிதீன் விரிக்காவிட்டால், மண்ணின் உப்பு கீழிருந்து ஏறும். அப்போது இரண்டு முறையும் ஒன்றுதான்.

இரண்டிலும் ஜாயிண்ட் 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது. வெயில் படும் மொட்டை மாடியில் 4, 5 மி.மீ. வேண்டும். சுவரோரம் 6 மி.மீ. காலியாக விட்டால் ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும். ஒட்டி ஒட்டிப் போட்ட தரைதான் ஒருநாள் படாரென்று வரிசையாகக் கூரை மாதிரி எழும்பும்.

தட்டிப் பார்ப்பதும் சரிசெய்வதும்

வேலை நடக்கும்போதே பத்துப் பதினைந்து டைல்ஸுக்கு ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். முதுகில் உலர்ந்த அறையில் 80 சதவீதம், ஈரமான இடத்தில் 95 சதவீதம் சாந்து ஒட்டியிருக்க வேண்டும். முடிந்து ஒரு வாரம் கழித்துத் தட்டி, பொள்ளல் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். நடுவில் உள்ளங்கை அளவுக்குக் கேட்டால், ஜாயிண்ட் விரியாமலிருந்தால் விட்டுவிடலாம். மூலையில் கேட்டால் விடக்கூடாது. பீரோ கால் அங்கேதான் உட்காரும். நீளக் கோடாகக் கேட்டால் அடியில் வயர் பைப் ஓடுகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

சரிசெய்ய இரண்டு வழி. ஜாயிண்டில் சிறு துளையிட்டு, தூசி ஊதி, தண்ணீராக ஓடும் எபாக்சியைச் செலுத்தி ஒருநாள் பாரம் வைப்பது ஒன்று. அடியில் கலவை கெட்டியாக இருந்து டைல்ஸ் மட்டும் விட்டிருந்தால் இது பிடிக்கும். கலவையே மணலாக உதிர்ந்தால் எபாக்சி வீண். ஒரு டைல்ஸைப் பெயர்த்து நகத்தால் கீறிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியானால் ஜாயிண்டைச் சுற்றி அறுத்து, நடுவிலிருந்து உடைத்தெடுத்து, உதிரும் கலவை முழுவதையும் எடுத்துவிட்டுப் புதுக்காரையால் நிரப்பி, அது காய்ந்தபின் பேஸ்ட்டில் ஒட்ட வேண்டும். இதற்காகவே டைல்ஸ் வாங்கும்போது ஒரே பேட்ச் எண்ணில் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் வையுங்கள்.