குழிக்கணக்கும் கைபேசியும்: சிறு விவசாயிகளிடம் தரவு சேகரிக்கும் வழிகள் – ஓர் ஒப்பீடு

கடலூர் மாவட்டக் குறிஞ்சிப்பாடியிலோ புதுச்சேரிப் பாகூரிலோ முந்நூறு சிறு விவசாயிகளிடம் என்ன பயிரிட்டார்கள், எவ்வளவு நிலத்தில், எத்தனை மூட்டை கண்டது என்று கேட்டுப் பதிவு செய்ய ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் முற்பட்டால், அதற்கு இன்று நான்கு வழிகள் உள்ளன. கைபேசிச் செயலியில் படிவத்தை ஏற்றிக்கொண்டு ஒருவர் வயலுக்கே போகலாம். ஊரறிந்த ஒருவர் தொலைபேசியில் அழைத்துக் கேட்கலாம். எண்ணை அழுத்தச் சொல்லும் தானியங்கிக் குரல் அழைப்பை விடலாம். குறுஞ்செய்தி அனுப்பிப் பதில் கேட்கலாம். இவற்றைச் செலவை வைத்து வரிசைப்படுத்துவதே வழக்கம். நான் அளவைகளை வைத்து ஒப்பிடுகிறேன், ஏனெனில் இந்த வட்டாரத்தில் தரவு கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

இங்கே பெரியவர்கள் நிலத்தைக் காணியிலும் குழியிலும்தான் சொல்வார்கள். குழி என்பது பக்கத்துக்கு ஒரு கோல் கொண்ட சதுரம்; 24 அடிக் கோலால் அளந்த குழி 576 சதுர அடி. அப்படி 100 குழி சேர்ந்தது ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். காட்டுமன்னார்கோயிலைத் தாண்டிக் கொள்ளிடக் கரையை நெருங்கினால், டெல்டாப் பழக்கத்தில் 12 அடிக் கோலின் 144 சதுர அடிக் குழி வந்துவிடுகிறது. அந்தக் குழி நூறு கொண்டது ஒரு மா, சுமார் 33 சென்ட். பெயர் ஒன்றுதான், அளவோ நாலில் ஒரு பங்கு. பட்டாவைக் கேட்டால் அது ஹெக்டேரிலும் ‘ஏர்’ என்ற 100 சதுர மீட்டர் அளவிலும் பேசும். மூட்டையும் அப்படியே. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் (டிபிசி) மூட்டைக்கு 40 கிலோ. தனியார் வியாபாரியிடம் பல ஊர்களில் 75 கிலோ. ‘முப்பது மூட்டை’ என்ற ஒரே பதில் 1,200 கிலோவாகவும் இருக்கலாம், 2,250 கிலோவாகவும் இருக்கலாம். போதாக்குறைக்குப் படிவத்தில் ‘நிலக்கடலை’ என்று இருக்கும். இந்தப் பக்கத்தில் அதன் பெயர் மல்லாட்டை.

இந்தச் சிக்கலுக்கு முன் குறுஞ்செய்தி நிற்கவே முடியாது. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து இடமுண்டு. தமிழில் எழுதினால் அது 70 ஆகச் சுருங்குகிறது. அதிலும் புள்ளியும் துணைக்காலும் தனித்தனியே எண்ணப்படுவதால், நம் கண்ணுக்கு ஐந்தெழுத்தான ‘மல்லாட்டை’ அங்கே ஒன்பது இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ‘உங்கள் குழி எத்தனை அடிக் கோல்?’ என்று விளக்கிக் கேட்க மிச்சம் என்ன இருக்கிறது? மொத்தமாக அனுப்புவதற்குத் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும் என்பதால், கேள்வியை நடுவழியில் திருத்துவதும் எளிதன்று. கூட்ட நாளை நினைவூட்டுவதோடு அதை நிறுத்திக்கொள்ளலாம்.

தானியங்கிக் குரல் அழைப்பு மேலோட்டமாகப் பார்த்தால் கவர்ச்சியானது. எழுத்தறிவு வேண்டாம், பட்டன் போன் போதும், ஒரே காலையில் முந்நூறு பேரையும் அழைத்துவிடலாம். ‘நடவு முடிந்துவிட்டதா? முடிந்திருந்தால் 1, இல்லையென்றால் 2’ என்ற அளவுக்கு அது நன்றாகவே பயன்படும். ‘ஒன்றரைக் காணி’, ‘முக்காக் காணி’ என்று வாயில் வரும் பதிலை எண்பலகையில் எப்படி அழுத்துவது? குழியாக மாற்றி 150 என்று அழுத்தச் சொன்னால், கணக்குப் போடும் பொறுப்பை நாம் விவசாயியின் தலையில் கட்டுகிறோம். தொடுதிரைக் கைபேசியைக் காதில் வைத்ததும் திரை அணைந்துவிடும் என்பதால், கேட்பதும் அழுத்துவதும் மாறி மாறி நடக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் நேரம் கடந்து அழைப்பு துண்டிக்கப்படும். அழுத்தியது யார் என்பதும் தெரியாது. பதிவில் இருப்பது திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் எண்ணாகக்கூட இருக்கலாம்.

செயலியோடு வயலுக்குப் போவதில்தான் விஷயம் இருக்கிறது. 2008-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஓடிகே என்ற தரவு சேகரிப்புச் செயலி, அதே படிவ முறையைப் பின்பற்றும் கோபோ டூல்பாக்ஸ் ஆகியவற்றைப் பணமின்றித் தொடங்கலாம்; கேள்விகளைத் தமிழில் அமைக்கலாம்; சிக்னல் இல்லாத கொல்லையில் பதிந்து வைத்து, ஊருக்குள் வந்தபின் அனுப்பலாம். இவற்றின் உண்மையான பலன் கேள்வியை உடைக்க முடிவதே. எண் ஒரு கேள்வி, அளவை இன்னொரு கேள்வி. ‘குழி’ என்று தேர்ந்தால் மட்டும் கோலின் நீளம் மூன்றாவது கேள்வியாகத் திறக்கும். சென்ட் கணக்கைப் படிவமே போட்டுத் திரையில் காட்டும். ‘அவ்வளவு இருக்காதுங்க, கம்மிதான்’ என்று விவசாயி அந்த இடத்திலேயே திருத்துவார். காகிதப் படிவத்தில் இந்தத் தவறு இரண்டு மாதம் கழித்துக் கணினியில் ஏற்றும்போதுதான் தெரியவரும். ஆனாலும் காகிதத்துக்கு ஒரு பெருமை உண்டு: ஓரத்தில் கிறுக்கிய குறிப்பு. ‘குத்தகை நிலம், பட்டா அண்ணன் பேரில்’ என்பது போன்றவை பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் வாழ்கின்றன. ஆகவே செயலிப் படிவத்தில் பக்கத்துக்கொரு வெற்றுப் பெட்டி வைப்பது அவசியம்.

கைபேசியின் ஜிபிஎஸ்ஸை மட்டும் அளவுக்கு மீறி நம்பக் கூடாது. திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பின் அடர்நிழலில் இன்னும் கூடும். 25 சென்ட் நிலம் சதுரமாக இருந்தால் பக்கத்துக்குச் சுமார் 32 மீட்டர். ஒரு வரப்பு மட்டும் 5 மீட்டர் தள்ளிப் பதிந்தாலே ஏறத்தாழ 4 சென்ட் கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். ஐந்து ஏக்கர்க்காரருக்கு இது சில்லறை. சிறு விவசாயிக்கு அப்படியல்ல.

வயலுக்குப் போவதன் குறை ஒன்றே: ஒரு பருவத்தில் நான்கு முறை போக ஆளும் பெட்ரோலும் கட்டுப்படியாகாது. அங்கேதான் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் வழி கைகொடுக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் நடத்திய தகவல் மையங்களில், வில்லியனூர் தலைமை மையத்திலிருந்து வந்த செய்தியை ஊர்க்காரர்களே வாங்கிச் சொன்னார்கள். வீராம்பட்டினத்தில் அலையின் உயரம் ஒலிபெருக்கியில் மீனவர்களை எட்டியது. வழி எதிர்த்திசையில் போனாலும், அதாவது தகவல் ஊரிலிருந்து வெளியே போனாலும், கடைசி முழத்தில் ஊர்க்குரல் ஒன்று தேவைப்படுகிறது. ‘மூட்டைன்னா டிபிசி மூட்டையா, வியாபாரி மூட்டையாங்க?’ என்று திருப்பிக் கேட்க எந்தத் தானியங்கியும் இங்கே இன்னும் தயாரில்லை.

ஆகவே என் தேர்வு கலப்பு: முதல் முறை செயலியோடு வயலுக்குப் போய் நிலத்தையும் கோலையும் மூட்டையின் எடையையும் நிலையாகப் பதிவது, அதன்பின் நடவு முடிந்ததும், தை மாசி அறுவடையின்போதும், விற்றபிறகும் அதே ஆள் அழைத்து அதே படிவத்தை நிரப்புவது. அறுவடையைப் பங்குனி தாண்டிக் கேட்டால் நினைவிலிருந்து வட்டமான எண்களே வரும். மாட்டையும் களையெடுப்பையும் கவனிப்பது பெரும்பாலும் பெண்கள் என்பதால், குடும்பத்துக்கு இரண்டு எண்களை வாங்கி, எது யாருடையது, எந்நேரத்தில் அழைக்கலாம் என்றும் எழுதிக்கொள்ள வேண்டும்.

வாட்ஸ்அப்பைப் புயலுக்குப் பிந்தைய படங்களுக்கு ஒதுக்கலாம், ஒரு நிபந்தனையோடு: படமாக அனுப்பினால் அதில் பொதிந்த இருப்பிடக் குறிப்பு அழிந்துவிடும், ஆவணமாக அனுப்பினால் நிற்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறி முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது, பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட வாரத்தில் மேற்சொன்ன நான்கு வழிகளுமே படுத்துவிடும். அதற்காகவேனும் கணக்கெடுப்பவரின் பையில், அதே கேள்விகள் அதே வரிசையில் அச்சிட்ட ஐம்பது காகிதப் படிவங்களும் ஒரு பால்பாயிண்ட் பேனாவும் இருக்கட்டும்.