ஜெனோடோ: லைசென்ஸ் கட்டத்தில் மட்டும் கவனம்

ஆய்வுப் பேப்பர்களையும் தரவுகளையும் ஏற்றிவைக்கிற இணையக் களஞ்சியம் ஜெனோடோ. அதற்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒன்று ஏன் குறைந்தது என்பது கீழே.

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று நானும் என் மாணவியும் எழுதிய பேப்பர் ஒரு வெளிநாட்டு ஜர்னலில் வந்தது. வீடு வீடாகக் கூட்டிப்போன பஞ்சாயத்து மெம்பருக்கு லிங்க் அனுப்பினேன். திறந்தால் நாற்பது டாலர் கேட்கிறது. "சார், எங்க போர்த் தண்ணியப் பத்தித்தானுங்க எழுதுனீங்க, அதைப் படிக்க எங்ககிட்டயே காசா?" என்றார். எல்லாருக்கும் திறந்துவிட எழுதியவர்களே இரண்டாயிரம் டாலருக்கு மேல் கட்டணுமாம். கெஸ்ட் லெக்சரர் சம்பளத்தில் நடக்கிற காரியமா? ஜர்னல்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டுகிற, 2025இல் வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் அரசுக் கல்லூரிகளுக்கு நல்லதுதான். மெம்பருக்கு அதனால் என்ன?

ஜர்னலுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காப்பிரைட் ஃபார்மிலேயே வழி இருந்தது. அச்சான பிடிஎஃப்பைப் பொதுவில் போடக்கூடாது. ஆனால் திருத்தமெல்லாம் முடிந்து ஏற்கப்பட்ட நம் வேர்டு பிரதியை, பேப்பர் வெளிவந்து 12 மாதம் ஆனபின் ஜெனோடோ மாதிரி ரெபாசிட்டரியில் (களஞ்சியத்தில்) வைக்கலாம். (பலரும் ஃபார்மில் அந்தப் பாராவரைக்கும் வருவதே இல்லை.)

ஜெனோடோ 2013 முதல் ஓடுகிறது; நடத்துவது ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம். காசு கிடையாது. ஒரு பதிவில் 50 ஜிபி வரை ஏற்றலாம், அதனால் கிணறு வாரியான எக்செல் கோப்பையும் சேர்த்தே போட்டேன். எம்பார்கோ தேதி, அதாவது எதுவரை மூடியிருக்க வேண்டும் என்ற தேதி, கொடுத்துவிட்டால் அன்றைக்குத் தானாகத் திறந்துகொள்ளும், நாம் நாள்காட்டி பார்க்க வேண்டியதில்லை. டிஓஐ எண்ணும் (ஒரு படைப்பை அடையாளம் காட்டும் நிரந்தர இணைய எண்) கிடைக்கிறது. பின்னால் பிழை திருத்திப் புதுப் பிரதி ஏற்றினால் அதற்குத் தனி எண். எல்லாப் பிரதிக்கும் பொதுவாக இன்னொரு எண். சுருக்கத்தைத் தமிழிலும் ஒட்டினேன், எழுத்து உடையவில்லை.

இப்போது குறை. படைப்பை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் லைசென்ஸ் கட்டத்தில் சிசி பை (CC BY) 4.0 தானாகவே உட்கார்ந்திருக்கும். நம் பெயரைச் சொல்லிவிட்டு யாரும் எடுத்து விற்கலாம், மாற்றலாம் என்று அதற்குப் பொருள். என் ஒப்பந்தமோ வணிகப் பயன்பாடும் மாற்றமும் கூடாத லைசென்ஸில்தான் போடச் சொல்கிறது. கவனிக்காமல் பப்ளிஷ் அழுத்தினால் நம்மிடம் இல்லாத உரிமையை ஊருக்கு எழுதிக்கொடுத்த மாதிரி. ஒரு எச்சரிக்கை வரி வைத்திருக்கலாம். இன்னொன்று, இங்கே ஏற்றுவதை ஜர்னல் மாதிரி யாரும் சரிபார்ப்பதில்லை. குப்பையும் இதே வரிசையில் கிடக்கும். அதனால் ஜர்னலில் வந்த அசல் பேப்பரின் டிஓஐயை 'தொடர்புடைய படைப்புகள்' பகுதியில் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.