உயிர் முளைத்தது கடலடியிலா, வெந்நீர்க் குட்டையிலா?

உயிரின் தோற்றம் என்றதும் பலருக்கும் பள்ளிப் பாடத்தில் பார்த்த அந்தக் கண்ணாடிக் குடுவைதான் ஞாபகம் வரும். 1953-இல் வெளியான ஸ்டான்லி மில்லரின் சோதனை அது. மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி, நடுவே மின்பொறி, சில நாளில் தண்ணீர் நிறம் மாறி, அதில் புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்கள். பாடம் அதோடு முடிந்துவிடும். அமினோ அமிலம் கிடைப்பது அவ்வளவு அரிதல்ல என்பது அதற்கு அப்புறம் தெரிந்தது. 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் விழுந்த விண்கல்லிலேயே அவை இருந்தன. செங்கல் எங்கும் கிடைக்கிறது, வீடு எழுந்த மனை எது என்பதுதான் இன்றைய வழக்கு.

வழக்கில் பல தரப்புகள் உண்டு. பலமாக நிற்பவை இரண்டு. ஒன்று, ஆழ்கடலின் அடியில் கசியும் காரத்தன்மை கொண்ட ஊற்றுகள். மற்றது, எரிமலை நிலத்தில் நிரம்பியும் வற்றியும் கிடக்கும் வெந்நீர்க் குட்டைகள். பல வருஷம் நான் முதல் தரப்பின் பக்கம் இருந்தவன். இப்போது இரண்டாவது தரப்புக்குச் சாய்ந்திருக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்த ஒப்பீடு.

கடலடித் தரப்பு

கடலடி ஊற்று என்றதும் கன்னங்கரேலென்று புகை கக்கும் குழாய்கள் கண்ணில் வரும். 1977-இல் கலாபகோஸ் அருகே கடலடி வெந்நீர் ஊற்றுகளையும் அவற்றைச் சுற்றி வாழும் உயிர்க் கூட்டத்தையும் கண்டார்கள்; கரும்புகைக் குழாய்கள் இரண்டு ஆண்டு கழித்து வேறிடத்தில் தெரியவந்தன. அங்கே வெப்பம் 350 டிகிரியைத் தாண்டும். மென்மையான மூலக்கூறுகள் அதில் தாங்காது. இந்தத் தரப்பு பேசுவது வேறு வகை ஊற்றைப் பற்றி. 2000 டிசம்பரில் அட்லாண்டிக் நடுவே, சுமார் 700, 800 மீட்டர் ஆழத்தில் ஒரு வெள்ளைக் கோபுரக் கூட்டம் கண்ணில் பட்டது. 'தொலைந்த நகரம்' என்று பெயர் வைத்தார்கள். அதில் ஒரு கோபுரம் 60 மீட்டர் உயரம். இங்கே சூடு எரிமலைக் குழம்பிலிருந்து நேராக வருவதில்லை. பூமியின் அடிப்பாறையில் இருக்கும் ஒலிவின் என்ற பச்சைக் கனிமத்துக்குள் கடல்நீர் இறங்கும்போது வேதிவினை நடந்து ஹைட்ரஜன் வெளியாகிறது. வெளியே வரும் நீர் 40 முதல் 90 டிகிரி வரை சூடு, பி.எச். (7-க்கு மேல் போனால் காரம்) 9 முதல் 11 வரை.

வியப்பெல்லாம் இந்தக் காரத்தன்மையில்தான். அன்றைய கடல், கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடால் லேசாகப் புளித்திருந்தது. வெளியே அமிலம், உள்ளே காரம், நடுவே நுண்துளைகள் நிறைந்த மெல்லிய கனிமச் சுவர். அதாவது சுவரின் அமிலப் பக்கம் புரோட்டான் என்ற நேர்மின் துகள் மிகுதி, மறுபக்கம் குறைவு.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நம் உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும் இதே ஏற்பாட்டில்தான் ஓடுகிறது. 1961-இல் பீட்டர் மிட்செல் சொன்னபோது நம்ப மறுத்தவர்களே அதிகம். 1978-இல் அதே கருத்துக்கு நோபல் பரிசு. சவ்வின் ஒரு பக்கம் புரோட்டான்களை இறைத்துத் தேக்கி, அணையின் மதகைத் திறப்பதுபோல் திரும்பப் பாயவிட்டு, அந்த வேகத்தில் ஏ.டி.பி. என்ற எரிபொருள் தயாராகிறது. சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர், மின்னழுத்தம் சுமார் 150 மில்லிவோல்ட். வகுத்துப் பாருங்கள், மீட்டருக்கு 3 கோடி வோல்ட் வருகிறது. பாக்டீரியாவிலிருந்து வாழைமரம் வரை ஏதோ ஒரு வடிவில் இதே ஏற்பாடு. இந்தத் தரப்பின் ஆய்வாளர்களான மைக்கேல் ரஸ்ஸல், வில்லியம் மார்ட்டின், நிக் லேன் ஆகியோர் கேட்கும் கேள்வி இதுதான்: அணை இயற்கையாகவே கட்டிக் கிடந்த இடத்தில் உயிர் தொடங்காமல் வேறெங்கே தொடங்கியிருக்கும்? முதன்முதலில் இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

வெறும் வாதமாக இது நிற்கவில்லை. ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் தண்ணீரில் சேர்த்து, இரும்பு, நிக்கல் கனிமங்களோடு 100 டிகிரியில் வைத்தால் ஃபார்மேட், அசிடேட், பைருவேட் கிடைப்பதை 2020-இல் காட்டினார்கள். இன்றும் சில நுண்ணுயிர்கள் கார்பனைப் பிடித்துவைக்கும் வழியில் வரும் பொருள்கள் இவை. நொதி எதுவும் இல்லாமல், வெறும் கல்லே அந்த வேலையைச் செய்தது.

குட்டைத் தரப்பு

1871-இல் டார்வின் தம் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் 'ஏதோ ஒரு வெதுவெதுப்பான சிறு குட்டை' என்று எழுதினார். அது போகிறபோக்கில் சொன்ன ஊகம். அதற்கு உடம்பு கொடுத்தவர்கள் கலிஃபோர்னியாவின் டேவிட் டீமர், புரூஸ் டேமர் போன்றவர்கள். இவர்களுடைய குட்டை எரிமலைச் சரிவில் இருப்பது. மழைத் தண்ணீர் பூமிக்குள் இறங்கிச் சூடாகி மேலே வந்து பள்ளத்தில் தேங்குகிறது. ஓரம் வற்றுகிறது, மறுபடி நிரம்புகிறது. இந்த நனைவதும் காய்வதும்தான் இவர்களுடைய துருப்புச்சீட்டு.

காரணம் எளிது. அமினோ அமிலங்கள் கோத்துப் புரதமாவதும், ஆளுக்கொரு எழுத்தைத் தாங்கிய நியூக்ளியோடைடுகள் கோத்து, மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. ஆவதும் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு தண்ணீர் மூலக்கூறை வெளியேற்றித்தான் நடக்கும். கடலுக்கு நடுவில் நின்றுகொண்டு தண்ணீரை எங்கே வெளியேற்றுவது? கோத்ததைத் தண்ணீரே பிய்த்துப் போட்டுவிடும். குட்டையின் ஓரம் காயும்போது தண்ணீர் தானாக விலகுகிறது, மூலக்கூறுகள் நெருங்கி அடுக்காகப் படிகின்றன, சங்கிலி நீள்கிறது. மறுபடி நனையும்போது கொழுப்பு அமிலப் படலம் உப்பிக் குமிழிகளாகக் கிளம்பி, அந்தச் சங்கிலிகளை உள்ளே வைத்து மூடிக்கொள்கிறது. நல்ல குமிழி நிலைக்கிறது, மற்றவை உடைகின்றன. அடுத்த வெயிலில் மீண்டும் அதே சுற்று. தேர்வு என்ற ஒன்று உயிருக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

2008-இல் சுதா ராஜாமணி, டீமர் முதலானோர் இதைச் செய்து பார்த்தார்கள். கொழுப்புப் பொருளோடு நியூக்ளியோடைடுகளைச் சேர்த்துக் காயவைத்து நனைத்தபோது ஆர்.என்.ஏ. போன்ற நீண்ட சங்கிலிகள் கிடைத்தன. பின்னால் புனேயில் ராஜாமணியின் ஆய்வகமே அந்தச் சங்கிலிகளை நுணுக்கிப் பார்த்து, பல இடங்களில் எழுத்துகள் உதிர்ந்து வெறும் முதுகெலும்பு மட்டும் மிஞ்சியிருப்பதைச் சொன்னது. தம் பக்கத்து முடிவைத் தாமே பிரித்துப் பார்த்துக் குறை சொன்ன அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதே ஆய்வகம் லடாக்கின் வெந்நீர் ஊற்றுகளிலிருந்து நீர் கொண்டுவந்து குமிழிகள் அதில் நிலைக்கின்றனவா என்றும் சோதித்தது.

குட்டைக்கு இன்னொரு சொத்து வெயில். ஓசோன் இல்லாத அந்த வானத்திலிருந்து இறங்கிய புற ஊதாக் கதிர் பலவற்றை அழித்திருக்கும், சிலவற்றை ஆக்கியும் இருக்கும். 2009-இல் ஜான் சதர்லாந்தின் குழு ஆர்.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் இரண்டுக்கான நியூக்ளியோடைடுகளை எளிய பொருள்களிலிருந்து உண்டாக்கியபோது புற ஊதாவும் ஒரு படியில் கை கொடுத்தது. இந்த இடத்தில் சிரில் பொன்னம்பெருமவைச் சொல்லாமல் போக மனமில்லை. இலங்கையின் காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம் வாங்கி, அப்புறம் வேதியியலுக்குப் போனவர். 1963-இல், நாசாவில் இருந்தபோது, கார்ல் சேகனோடு சேர்ந்து, புற ஊதாவின் உதவியோடு அதே ஏ.டி.பி.யைச் சோதனைக் குழாயில் உண்டாக்கிக் காட்டினார். 1970-இல் மர்ச்சிசன் கல்லின் அமினோ அமிலங்களை அறிவித்த குழுவிலும் அவர் உண்டு.

சோப்பு சொல்லும் சாட்சி

என்னைப் பக்கம் மாற வைத்தது ஒரு சின்ன விஷயம். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. சோப்பை எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காது. பால் திரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திரிந்து வாளியின் ஓரத்தில் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். மழை நாளில் பிடித்துவைத்த தண்ணீரில் அதே சோப்பு பொங்கி வழியும். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் உப்பு. போர் தண்ணீரின் கால்சியமும் மக்னீசியமும் அதைப் பிடித்துக் கட்டியாக்கிவிடுகின்றன.

முதல் செல்லின் சவ்வு இதே கொழுப்பு அமிலத்தால்தான் ஆகியிருக்க வேண்டும் என்பது பலருடைய கணிப்பு. மர்ச்சிசன் கல்லிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களே தண்ணீரில் குமிழிகளாவதை டீமர் 1985-இல் காட்டினார். அந்தக் குமிழி கடல்நீரில் என்ன ஆகும்? வாளியில் நான் பார்ப்பதுதான். மழைநீர் தேங்கிய ஊற்றுக் குட்டையில் அது பிழைக்கும்.

கடல் தரப்பு இதற்கும் பதில் வைத்திருக்கிறது. 2019-இல் நிக் லேனின் குழு, ஒரே வகை அமிலத்துக்குப் பதிலாகப் பல நீளமுள்ள அமிலங்களையும் ஆல்கஹால்களையும் கலந்தால், சுமார் 70 டிகிரியில், காரமான உப்பு நீரிலும் குமிழிகள் உண்டாவதைக் காட்டியது. நல்ல பதில், அதை ஒதுக்க முடியாது. ஆனாலும் அதற்குச் சரியான கலவை வேண்டும், சரியான பி.எச். வேண்டும். மழைத் தண்ணீர் அவ்வளவு நிபந்தனை போடுவதில்லை.

செல்லின் உள்ளே இருக்கும் உப்பும் ஒரு துப்பு. கடலில் சோடியம் மிகுதி, பொட்டாசியம் சொற்பம். நம் செல்லுக்குள் தலைகீழ். 2012-இல் ஆர்மென் முல்கிட்ஜானியன் குழு இதை வைத்து, பொட்டாசியம் தூக்கலாக இருக்கும் நிலத்து நீராவி ஊற்றுகளைக் கைகாட்டியது. இதை நான் அரைச் சாட்சியாகத்தான் எடுத்துக்கொள்வேன். சோடியத்தை வெளியே தள்ளும் பம்பு பிற்பாடு வந்திருக்கலாம்.

குட்டைக் கட்சிக்கும் அடி விழுந்திருக்கிறது. டீமர் ரஷ்யாவின் காம்சட்காவில் முட்னோவ்ஸ்கி எரிமலைப் பக்கம் கொதிக்கும் குட்டை ஒன்றில் அமினோ அமிலம், கொழுப்பு அமிலம், பாஸ்பேட் எல்லாவற்றையும் கலந்து கொட்டிப் பார்த்தார். பெரும்பகுதி களிமண்ணில் ஒட்டிக் காணாமல் போனது. சவ்வும் இல்லை, சங்கிலியும் இல்லை. ஆய்வகத்துச் சுத்தமான குழாய் வேறு, நிஜமான சேறு வேறு. இன்னொரு சிக்கல், 400 கோடி ஆண்டுக்கு முன் கடலுக்கு மேலே எவ்வளவு நிலம் இருந்தது என்பது. ஹவாய் மாதிரி எரிமலைத் தீவுகள் போதும் என்கிறார்கள், எனக்கு அது சரியாகவே படுகிறது.

கடல் தரப்பின் அடி இன்னும் ஆழமானது. ஊற்றின் கனிமச் சுவர் மைக்ரோமீட்டர் கணக்கில் தடித்தது, செல்லின் சவ்வோ சில நானோமீட்டர். அணை இருக்கிறது, மதகு வைக்க முடியாத அளவுக்குக் கரை அகலம். புரோட்டான் வேறுபாட்டைப் பிடித்து வேலை வாங்க இன்று சுழலும் ஒரு புரத எந்திரம் தேவைப்படுகிறது. அந்தப் புரதம் வருவதற்கு முந்தைய கட்டத்தில் கல் மட்டும் எவ்வளவு தூரம் இழுக்கும்?

பாறைகளைக் கேட்டால்

இரண்டு பக்கமும் பாறையைக் கூண்டில் ஏற்றுகின்றன. ஆஸ்திரேலியாவின் பில்பராவில் 348 கோடி ஆண்டுப் பழைய பாறையில், நிலத்து வெந்நீர் ஊற்றில் மட்டுமே படியும் சிலிக்காப் படிவத்தையும் அதோடு உயிரின் தடயங்களையும் தாரா ஜோகிச் குழு 2017-இல் அறிவித்தது. அதே ஆண்டு கனடாவின் கியூபெக்கில் குறைந்தது 377 கோடி ஆண்டுப் பழைய கடலடி ஊற்றுப் பாறையில் நுண்ணிய குழாய்களைக் கண்டதாக இன்னொரு குழு சொன்னது; அவை உயிரினுடையவைதானா என்ற தகராறு ஓயவில்லை. உயிர் அங்கே குடியிருந்ததைத்தான் பாறை சொல்லும், பிறந்த இடத்தைச் சொல்லாது.

மரபணுக்களும் அப்படித்தான். 2016-இல் மார்ட்டின் குழு, எல்லா உயிர்களுக்கும் பொதுவான மூதாதையிடம் இருந்திருக்கக்கூடிய 355 மரபணுக்களைப் பட்டியலிட்டு, அது ஹைட்ரஜனை உண்டு சூட்டில் வாழ்ந்தது என்றது. அந்த மூதாதை ஏற்கெனவே முழுச் செல். பாட்டியின் முகவரியை வைத்து அவள் பிறந்த ஊரைச் சொல்ல முடியாது.

எங்கே தேடுவது

வேற்றுலகில் உயிரைத் தேட விண்கலத்தை எங்கே அனுப்புவது என்ற கேள்வியில் இந்தச் சண்டை நிஜமாகவே சுடுகிறது. கடலடித் தரப்பு சரி என்றால் சனியின் துணைக்கோள் என்செலாடஸ் அருமையான இடம். பனிக்கட்டிக்கு அடியில் கடல், விரிசல் வழியே பீச்சும் நீர். 2015-இல் காசினி கலம் அந்தப் பீச்சலுக்குள் புகுந்து போனபோது அதில் ஹைட்ரஜன் இருந்தது. பாஸ்பேட் இருப்பதும் 2023-இல் தெரியவந்தது. வியாழனின் யூரோப்பாவுக்கு 2024 அக்டோபரில் கிளம்பிய நாசாவின் கிளிப்பர் விண்கலம் 2030-இல் போய்ச் சேரும். குட்டைத் தரப்பு சரி என்றால், வெயிலும் கரையும் காய்ந்த ஓரமும் இல்லாத அந்தக் கடல்களில் உயிருக்குத் தேவையான எல்லாம் இருந்தும் உயிர் தொடங்கவே இல்லாமல் போயிருக்கலாம்.

கையில் ஒரே ஒரு கலம்தான், எங்கே அனுப்புவாய் என்று என்னைக் கேட்டால் செவ்வாய் என்பேன். 2007-இல் ஸ்பிரிட் ஊர்தியின் முன்சக்கரம் ஒன்று சுழலாமல் மாட்டிக்கொண்டிருந்தது. அதை இழுத்துக்கொண்டே பின்னோக்கி நகர்ந்தபோது மண்ணில் ஒரு கோடு கீறி, அடியிலிருந்து வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிலிக்கா. அந்தப் பக்கத்துப் படிவங்களில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் முடிச்சுகள், சிலியின் எல் தாத்தியோ வெந்நீர் ஊற்றுகளில் நுண்ணுயிர்கள் பங்கெடுத்து உண்டாகும் முடிச்சுகளைப் போலவே இருப்பதாக 2016-இல் எழுதினார்கள். ஸ்பிரிட் அதன் பக்கத்திலேயே மணலில் புதைந்து ஓய்ந்துவிட்டது. ஒரு பிடி சிலிக்காவைக்கூட இன்னும் யாரும் அங்கிருந்து பூமிக்குக் கொண்டுவரவில்லை.