அமெரிக்கப் போன், கோயம்புத்தூர் நம்பர்: இரண்டு வருடம் ஓட்டிய கதை

2024 பொங்கலுக்கு நியூ ஜெர்சியிலிருந்து வந்திருந்த அக்கா வீட்டுக்காரர், ஊருக்குக் கிளம்பும்போது தன்னுடைய ஐபோன் 14-ஐ என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். "அன்லாக்டு போன்தான் மாப்ள, எந்தக் கம்பெனி சிம் வேணாலும் போட்டுக்கோ" என்றார். அவர் சொன்னதில் இரண்டு தப்பு. போன் அன்லாக் ஆகியிருக்கவில்லை, அதாவது விற்ற நிறுவனத்தின் சிம்மைத் தவிர வேறு எதுவும் அதில் ஓடாது. அதில் சிம் போடவும் முடியாது.

இரண்டாவது தப்புதான் முதலில் தெரிந்தது. காந்திபுரத்தில் வழக்கமாகப் போகும் கடையில் கொடுத்தேன். பையன் ஊசியை எடுத்துக்கொண்டு பவர் பட்டனுக்குக் கீழே மாத்திரை வடிவத்தில் பதிந்திருந்த இடத்தில் குத்தப் போனான், திருப்பினான், இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான், கடைசியில் "ஏனுங்ணா, இதுல சிம்மு போடற ஓட்டையே இல்லீங்களே" என்றான். அவன் குத்தப் பார்த்தது எம்எம்வேவ் என்ற அதிவேக 5ஜிக்கான ஆன்டெனா ஜன்னல், அமெரிக்க மாடல்களில் மட்டும் இருக்கும். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14-லிருந்து சிம் தட்டே கிடையாது, முழுக்க ஈசிம்தான், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் சிம்.

என் நம்பர் இருந்த நிறுவனத்தில் அப்போது ஈசிம் வசதி இல்லை. பதினைந்து வருட நம்பர், விட மனசில்லை. 1900-க்கு போர்ட் மெசேஜ் அனுப்பி, வந்த எட்டு எழுத்துக் குறியீட்டைக் கொண்டுபோய் வேறு நிறுவனத்துக்கு மாறினேன். முதலில் சாதாரண சிம் கொடுத்தார்கள், பழைய ஆண்ட்ராய்டில் போட்டு உயிர் வந்ததும் ஈசிம் கேட்டு மெசேஜ். ஏர்டெல் என்றால் 121-க்கு, ஜியோ என்றால் 199-க்கு. சிலது மெயில் ஐடி கேட்கும், சிலது இஐடி என்ற, போனின் ஈசிம் சிப்புக்குரிய 32 இலக்க எண்ணைக் கேட்கும். *#06# அடித்தால் திரையிலேயே காட்டிவிடும், ஆனால் கையால் பார்த்து டைப் செய்யாதீர்கள், செட்டிங்ஸில் அபவுட் பக்கத்தில் அழுத்திப் பிடித்து காப்பி எடுங்கள்.

க்யூஆர் வந்தது, ஸ்கேன் செய்தேன், பழைய சிம் செத்தது, புதுப் போனில் "சிம் நாட் சப்போர்ட்டட்" என்று வந்து நின்றது.

அப்போதுதான் முதல் தப்பு தெரிந்தது. மாமா அந்தப் போனைத் தவணையில் வாங்கியிருக்கிறார், பாதித் தவணை பாக்கி. பாக்கி முழுக்கத் தீரும்வரை அவருடைய நிறுவனம் லாக்கை எடுக்காது. அன்லாக் செய்வது அங்கே சட்டப்படி குற்றமில்லை, 2014-இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது, ஆனால் அவருடைய நிறுவனம் லாக்கை எடுத்துத் தரக் கடன் முடிந்திருக்க வேண்டும். கனடாவில் இந்தத் தொல்லை இல்லை, 2017 டிசம்பரிலிருந்து அங்கே லாக் போட்டு விற்கவே கூடாது. மாமா பாவம், விஷயம் தெரிந்ததும் மீதி டாலரை ஒரே தடவையில் கட்டிவிட்டு அன்லாக் கேட்டு எழுதினார். நாலு நாள் என் நம்பர் எந்தப் போனிலும் இல்லாமல் அந்தரத்தில் கிடந்தது. செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட், அதில் கீழே கேரியர் லாக் என்று ஒரு வரி. "நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" என்று இருந்தால் சரி. பத்து விநாடி வேலை, நான் பார்க்கவில்லை.

லாக் போனதற்குப் பிறகு நெட்வொர்க் பக்கம் ஒரு குறையும் இல்லை. 4ஜி, 5ஜி, வோல்ட்டி (4ஜியிலேயே கால் பேசும் வசதி), வைஃபை காலிங் எல்லாம் இங்கே வாங்கிய போன் மாதிரியே. நம்மூர் 5ஜி பேண்டுகளான, அதாவது அலைவரிசைகளான என்78, என்28 இரண்டுமே இந்த மாடலில் உண்டு. ஆனால் ஐபோன் என்பதால்தான் இவ்வளவு சுலபம். நண்பன் ஒருவன், அங்குள்ள நிறுவனத்தின் முத்திரை குத்திய ஆண்ட்ராய்டு போன் கொண்டுவந்தான். லாக் எடுத்தாயிற்று, நெட் பறக்கிறது, ஆனால் நம்மூர் சிம்மில் வோல்ட்டி வரவில்லை. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது என்பதால் வோல்ட்டி இல்லாமல் சாதாரண காலே போகாது. ஏர்டெல்லில் 2ஜி இருப்பதால் கால் மட்டும் அதில் இறங்கி ஓடுகிறது. பேண்ட் பட்டியலை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

நான் உண்மையில் திண்டாடியது போன செப்டம்பரில். பேருந்தில் ஏறும்போது போன் கீழே விழுந்து திரை கருப்பாகிவிட்டது. உயிர் இருக்கிறது, ரிங் அடிக்கிறது, பச்சை பட்டன் எங்கே இருக்கும் என்று குத்துமதிப்பாகக் கருப்புக் கண்ணாடியைத் தடவிக்கொண்டு நிற்கிறேன். பழைய காலமாக இருந்தால் சிம்மைக் கழற்றி அம்மாவின் பட்டன் போனில் போட்டிருப்பேன், ஐந்து நிமிடம். இப்போது கடைக்குப் போய், ஆதார் காட்டி, மறுபடி சாதாரண சிம் வாங்க வேண்டியிருந்தது. சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடியைத் தடுக்க வைத்த விதி, நல்லதுதான், ஆனால் ஓடிபி வராது, யுபிஐ செயலியைப் புதுப் போனில் பதிவு செய்ய எஸ்எம்எஸ் போக வேண்டும், அதுவும் போகாது. பேக்கரியில் டீ குடித்துவிட்டுச் சில்லறை தேடினேன். திரை மாற்றப் போன சர்வீஸ் சென்டரில் "இந்த மாடல் இந்தியாவில் விக்கறதில்லீங்க" என்று இழுத்தார்கள். வெளிக் கடையில்தான் மாற்றினேன். திரும்ப ஈசிம்முக்கு வந்தபோது இன்னொரு 24 மணி நேரம்.

ஈசிம்மைத் திட்டிக்கொண்டே இருக்க முடியாது. மலேசியாவில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது கிளம்பும் முன்பே பயண ஈசிம் வாங்கி ஏற்றிவிட்டேன், கோலாலம்பூரில் பெட்டி வருவதற்குள் வாட்ஸ்அப் வேலை செய்தது. எட்டு ஈசிம்மாவது உள்ளே வைத்துக்கொள்ளலாம், ஒரே நேரத்தில் இரண்டு ஓடும். கூடவே மாமா கொடுத்த சார்ஜர்தான் கடைசிவரை ஒத்துவரவில்லை, தட்டைப் பின் நம்மூர் பிளக்கில் ஆடிக்கொண்டே இருக்கும், தொட்டால் விழும்.

இப்போது வங்கியில் கொடுத்திருக்கும் போன் நம்பரைத் தனியாகச் சாதாரண சிம்மில் பழைய ஆண்ட்ராய்டில் வைத்திருக்கிறேன். போன வாரம் மாமா கூப்பிட்டார், புதுப் போன் வாங்கப் போகிறாராம், இப்போது கையில் இருப்பதை அம்மாவுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டார். "தவணை முடிஞ்சுதுங்களா மாமா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.