‘மெல்லத் தமிழினிச் சாகும்’: ஒரு வரியும் ஐந்து வகைத் தளங்களும்

அக்கா மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பேச்சுப் போட்டிக்காக எழுதி வைத்திருந்ததை எனக்குப் படித்துக் காட்டினாள். ‘மெல்லத் தமிழினிச் சாகும் என்று அன்றே வருந்திப் பாடினான் பாரதி’ என்று தொடங்கியது. “பாரதி அப்படிச் சொல்லலையேம்மா” என்றேன். “நெட்ல எல்லா இடத்துலயும் அப்படித்தான் மாமா இருக்கு” என்று போனை நீட்டினாள். உண்மைதான், அப்படித்தான் இருந்தது. சரி, எந்தத் தளம் என்ன சொல்கிறது, எதை எவ்வளவு நம்பலாம் என்று பார்த்துவிடுவோம் என்று இருவரும் உட்கார்ந்தோம்.

அவள் முதலில் காட்டியவை பொன்மொழித் தளங்கள். முண்டாசுப் படம், அழகான எழுத்து, கீழே பகிரும் பொத்தான். வரி இருக்கிறது, பாட்டின் தலைப்பு இல்லை, முன்பின் அடிகள் இல்லை, எந்த நூலிலிருந்து எடுத்தது என்பதும் இல்லை. பத்துத் தளங்களில் இருப்பதால் பத்துச் சாட்சி இருக்கிறது என்பது அவள் வாதம். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து பார்த்தபோது, ஐந்தாறு தளங்களில் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை. ஒருவர் தட்டச்சு செய்ததை மற்றவர்கள் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அப்படியானால் அது பத்துச் சாட்சி இல்லை, ஒரே சாட்சி. அதற்கும் மூலம் தெரியாது. இந்த வகைத் தளத்தை நான் எதற்கும் நம்ப மாட்டேன்.

அடுத்தது தமிழ் விக்கிப்பீடியா. 2003 முதல் வளர்ந்துவரும் கலைக்களஞ்சியம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதைச் சொல்லியே இதை ஒதுக்கிவிடுகிற ஆசிரியர்கள் உண்டு. அது நியாயமில்லை என்பேன். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று வரலாற்றுப் பக்கத்தில் பார்க்கலாம்; சான்று இல்லாத இடத்தில் ‘சான்று தேவை’ என்று அவர்களே குறிக்கிறார்கள். பொன்மொழித் தளம் இதில் எதையும் செய்வதில்லை. ஆனாலும் கட்டுரைக்குக் கட்டுரை தரம் ரொம்பவே மாறும். அடிக்குறிப்பில் இருக்கும் நூலைத் தேடிப் போக இது நல்ல வழி. கட்டுரையையே மேற்கோளாகக் காட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை.

அப்புறம் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கி, உலகம் முழுக்க இருக்கும் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்த தமிழ் நூல்களின் தொகுப்பு. பக்கத்தைத் திறந்ததும் அவள் முகம் சுருங்கியது. படம் இல்லை, அலங்காரம் இல்லை, வெறும் எழுத்து. “பழைய சைட் மாதிரி இருக்கே மாமா.” ஆனால் நூலின் தலைப்பில் தட்டச்சு செய்தவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் இருந்தன. இன்னார் பொறுப்பு என்று தெரிந்தால் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும். தோற்றத்தை வைத்து எடைபோட்டிருந்தால் இதைத்தான் முதலில் மூடியிருப்போம்.

முழுப் பாட்டும் இங்கேதான் கிடைத்தது. தலைப்பு ‘தமிழ்த்தாய்’, கூடவே ‘தன் மக்களைப் புதிய சாத்திரம் வேண்டுதல்’ என்று ஒரு வரி. பாட்டில் பேசுபவள் தமிழ்த்தாய். ‘கொன்றிடல் போலொரு வார்த்தை – இங்கு கூறத் தகாதவன் கூறினன் கண்டீர்’ என்று பதறுகிறாள். அந்தத் தகாதவன் சொன்னதாகத்தான் ‘மெல்லத் தமிழினிச் சாகும்’ வருகிறது. உடனே அடுத்து, ‘என்றந்தப் பேதை உரைத்தான் – ஆ! இந்த வசையெனக் கெய்திடலாமோ?’ என்கிறாள். ‘சென்றிடுவீர் எட்டுத் திக்கும்’ என்று பிள்ளைகளை அனுப்புவதும் அதே மூச்சில்தான். அக்கா மகள் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். “அப்போ பாரதி திட்டுற ஆளோட பேச்சை பாரதி தலையிலயே கட்டிட்டாங்களா?” ஆமாம், நூறாண்டுக்கு முன் மறைந்த கவிஞர் எழுந்து வந்தா மறுக்க முடியும்? எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

மதுரைத் திட்டத்தில் ஒரு குறை உண்டு. தட்டச்சில் ஓர் எழுத்து மாறியிருந்தால் அங்கேயே சரிபார்க்க வழியில்லை, அச்சுப் பக்கம் கூட இருக்காது. அந்த இடத்தில், விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான நூல் தொகுப்புத் தளம் விக்கிமூலம் ஒரு படி மேலே. தமிழ் இணையக் கல்விக்கழகம் அளித்த நாட்டுடைமை நூல்கள் 2000க்கும் மேல் அங்கே ஏறியிருக்கின்றன. ஒரு பக்கம் அச்சுப் பக்கத்தின் படம், மறுபக்கம் எழுத்து. இரண்டையும் வைத்து ஒப்பிடலாம். ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் இட்டிருக்கும் நிறத்தைப் பார்த்துவிட்டுப் படியுங்கள். சிவப்பு என்றால் மெய்ப்பு பார்க்கப்படவில்லை. கணினி படித்துக் கொடுத்த எழுத்தில் கால் ‘ர’வாகி நிற்கும். மஞ்சள் ஒருவர் பார்த்தது, பச்சை இரண்டாமவரும் சரிபார்த்தது.

கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நூல்களின் படங்களையே நேரடியாகவும் பார்க்கலாம். நூலுக்குள் ஒரு சொல்லைத் தேடிப் பிடிப்பது சிரமம், பொறுமையாகப் புரட்ட வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு சொற்கள் மாறுவதும் உண்டு என்பதால், பதிப்பாசிரியர் யார், எந்த ஆண்டு என்று முகப்புப் பக்கத்தைக் குறித்துக்கொள்வது என் வழக்கம்.

பள்ளிப் பேச்சுக்கு மதுரைத் திட்டம் போதும். அச்சில் வரப்போகிற கட்டுரை என்றால் விக்கிமூலத்தின் பச்சைப் பக்கம், இல்லாவிட்டால் நூலின் படம். அதற்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

அவள் அன்றிரவே தொடக்கத்தை அடித்துவிட்டு மாற்றி எழுதினாள்: ‘தமிழ் சாகும் என்று ஒரு பேதை சொன்னான், அதைக் கேட்டுத் தமிழ்த்தாய் என்ன சொன்னாள் தெரியுமா?’