டி3, டி3எக்ஸ், ஒரு பழைய சாரம்

"மச்சான், இஞ்ச ஒராள் பழைய டி3 விக்கிறார், நல்ல மலிவு. எடுக்கவோ, இல்லாட்டி காசு சேர்த்துப் புதுசையே வாங்கவோ?"

போன கிழமை நோர்வேயின் பேர்கனில் இருக்கும் நண்பன் கேட்டான், டிக்கா டி3 என்ற வேட்டைத் துவக்கைப் பற்றி. இந்த வசந்தத்தில்தான் வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணியவன். ஒரே வசனத்தில் பதில் சொல்லியிருக்கலாம். நான் முக்கால் மணித்தியாலம் கதைத்தேன், அதில் அரை மணித்தியாலம் இடுப்பில் கட்டும் ஒரு சாரத்தைப் பற்றி. அவனுக்கு விளங்கியதாகத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னிடம் இரண்டும் இருக்கின்றன. டிக்கா டி3 நான் 2008 இல் வாங்கியது, 13 வருடம் அதுதான் என் ஒரே துவக்கு. டி3எக்ஸ் வந்து நாலு சீசன் முடிந்துவிட்டது. இரண்டும் .308 ரவைக்கு, இரண்டுக்கும் தோளில் அணைக்கும் கட்டை பிளாஸ்டிக், பின்லாந்தின் ரீஹிமாக்கியில் உள்ள சாக்கோ தொழிற்சாலையில் பிறந்தவை. முதலாவது 2003 இல் சந்தைக்கு வந்த வடிவம், மற்றது 2016 இல் வந்த திருத்தம். நிறை, நீளம் எல்லாம் யாரும் தேடிப் பார்க்கலாம், அதை விடுவோம்.

எனக்கு முக்கியம் சத்தம். சுடும்போது வரும் சத்தமில்லை, சுட முன்னம் வருவது.

வன்னியில் பெரியப்பா வைத்திருந்த இடியன் துவக்குக்கு முதிரைக் கட்டை. தட்டினால் கைதான் நோகும். டி3 இன் கட்டையோ பின்பக்கம் உள்ளே வெற்று. நிறையைக் குறைக்க அப்படித்தான் செய்வார்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பேர்ச் மரக் கொப்பு பட்டால் டொக். ஜக்கெட்டின் சிப் பட்டால் டிக். பின்னிஷ் மொழியில் டிக்கா என்றால் மரங்கொத்தி. பொருத்தமான பெயர்தான் என்று முதல் சீசனிலேயே நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடமே பின்பக்க ரப்பரின் இரண்டு ஆணியையும் கழற்றி, பழைய நீலக் கட்டச் சாரம் ஒன்றைப் பாதியாகக் கிழித்து, சுருட்டி, அகப்பைக் காம்பால் உள்ளே தள்ளி அடைத்தேன். நூறு தடவை தோய்த்துப் பஞ்சாகிப் போன துணி. அதுக்குப் பிறகு தட்டினால் தலையணையில் தட்டியது மாதிரித் தும் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டி3எக்ஸ் வந்தபோது கட்டையின் வெற்றிடத்துக்குள் ஃபோம் வைத்திருக்கிறார்கள் என்று வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் எட்டு வருடம் முந்திவிட்டேன்.

2021 இல் சைலன்சர் பூட்டுவதற்குக் குழல் வாயில் திருகு மறை வெட்ட வேண்டும் என்று துவக்குத் திருத்தும் ஒருவரிடம் கொடுத்தேன். தோளும் முன்னை மாதிரி இல்லை, அதனால் பின் ரப்பரையும் மெத்தென்று ஒன்று போட்டுத் தரச் சொன்னேன். மறை வெட்டியது அருமையான வேலை, அதைச் சொல்லியே ஆகவேண்டும். ரப்பரும் விளிம்பு தெரியாமல் பொருந்தியிருந்தது. காசைக் கொடுத்து வாங்கி வந்தேன்.

ஒக்ரோபர் முதல் சனி. விடிய முன்னம் போய் என் இடத்தில் குந்தியிருக்கிறேன். நாய் தூரத்தில் இரண்டு தடவை குரைத்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லாமல் பாசிப் பாறைக்குப் பின்னால் எல்க் வந்து நின்றது. எங்கள் மரையை இரண்டு மடங்கு பெருப்பித்தால் எப்படியோ அப்படி. 80 மீற்றர் இருக்கும், முன்னங்கால் வரைக்கும்தான் தெரிகிறது. இன்னும் இரண்டு அடி வைத்தால் போதும். நான் மெதுவாகத் துவக்கைத் திருப்ப, கட்டை பக்கத்துக் கொப்பில் பட்டது.

டொக்.

13 வருடமாகக் கேட்காத சத்தம். எல்க்கின் காது இரண்டும் என் பக்கம் திரும்பின. பிறகு அங்கே பாறை மட்டும்தான் இருந்தது. குழுத் தலைவர் வோக்கியில் "ஏதாவது கண்டனியோ?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து ஆணியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே காலி. திருத்தியவரை அழைத்துக் கேட்டேன். உள்ளே பழந்துணி ஒன்று கிடந்ததாம், ஈரம் பிடித்தால் ஆணி துருப்பிடிக்கும் என்று எறிந்துவிட்டாராம். நிதானமாகச் சொன்னார். நியாயமான பேச்சுத்தான், பருத்தி ஈரத்தைக் குடிக்கும். ஆனால் 13 வருடம் துருப்பிடிக்கவில்லையே ஐயா! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? எனக்கு விசர் பிடித்தது. அந்தக் கோபத்திலேயே வேறு கடையில் டி3எக்ஸுக்குச் சொல்லிவிட்டு, பொலிஸ் அனுமதி வரும்வரை கோபம் ஆறாமல் பார்த்துக்கொண்டேன்.

சரி, புதியது எப்படி? உண்மையைச் சொன்னால், டி3இல் நான் முணுமுணுத்த எல்லாவற்றையும் உட்கார்ந்து எழுதி எடுத்துத் திருத்தியது போல இருக்கிறது. வெற்றுக் கோது பறக்கும் வாய் பழசில் சின்னது. குளிரில் விறைத்த விரலால் ஒரு ரவையைத் தனியாக உள்ளே வைப்பதென்றால் ஊசிக்கு நூல் கோர்ப்பது மாதிரி. புதியதில் அதை அகலமாக்கிவிட்டார்கள். ரவையை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டுதான் போல்ட், அதன் பின்மூடி பிளாஸ்டிக்கில் இருந்து உலோகமாகியிருக்கிறது. கட்டைக்குள் உதையைத் தாங்கும் சின்னத் துண்டு இப்போது உருக்கு. கைப்பிடியைக் கழற்றி வேறு வடிவம் மாட்டலாம். பிடியில் இருக்கும் வரிகள் ஈரக் கையுறையோடும் வழுக்காது. கனடாவின் வடக்கில் ரேஞ்சர்கள் என்ற படையினர் பல பத்தாண்டு சுமந்த லீ என்ஃபீல்ட் என்ற பழைய துவக்கை வைத்துவிட்டு இப்போது தூக்குவதும் இந்த டி3எக்ஸ் வழி வந்த துவக்கைத்தான்.

மாறாதவையும் உண்டு. போல்ட் இரண்டிலும் வெண்ணெய். அதன் பிடியை 70 பாகை தூக்கினால் போதும், குறி பார்க்கும் ஸ்கோப்பில் கை இடிக்காது. தவறி வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டியைப் போட்டால் போல்ட்டும் சேர்ந்து பூட்டிக்கொள்வது இரண்டிலும்தான், அதனால் ரவையை வெளியே எடுக்க வேண்டுமென்றால் சேஃப்டியை எடுத்தே ஆகவேண்டும். எனக்கு அது பிடிக்காது, பலருக்கு அது ஒரு விஷயமே இல்லை. ரவைக்கூடு ஒன்றுக்கொன்று பொருந்தும். அது பெரிய நிம்மதி, ஏனென்றால் அந்தப் பிளாஸ்டிக் பெட்டியின் விலைக்கு ஒரு நல்ல சப்பாத்து வாங்கலாம்.

குறி? வருடாந்தச் சூட்டுப் பரீட்சைக்கு 100 மீற்றரில் ஐந்து வெடி, 30 சென்றிமீற்றர் வட்டத்துக்குள். இரண்டாலும் என் உள்ளங்கையால் மூடக்கூடிய இடத்துக்குள் விழுகிறது. பிழைத்தால் அது என் கை.

புதியதைக் கொப்பில் தட்டிப் பார்த்தேன். பழசின் டொக் இல்லை. அது ஃபோமின் சத்தம், மங்கலாக, ஒழுங்காக.

ஆக, எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் புதியதுதான். நாலு சீசனில் நான் அதை எத்தனை நாள் காட்டுக்குக் கொண்டுபோனேன் என்று எண்ணினேன். ஒன்பது. மற்ற நாளெல்லாம் பழசு. அன்று கிழித்த சாரத்தின் மற்றப் பாதி, குழல் துடைக்கும் துணியாக, எண்ணெய் நாற்றத்தோடு அலமாரியில் கிடந்தது. தோய்த்துக் காயவைத்து அதே அகப்பைக் காம்பால் உள்ளே தள்ளிவிட்டேன். இனி அந்தத் துவக்கைத் திருத்தக் கொடுப்பதென்றால் பின்பக்கத்தில் கை வைக்காதே என்று நோர்வேஜிய மொழியில் எழுதி ஒட்டித்தான் கொடுப்பேன்.

நண்பனிடம் கடைசியில் பழசையே எடு என்று சொல்லிவிட்டேன். "உன்னட்டப் பழஞ்சாரம் ஏதும் கிடக்கே?" என்று கேட்டேன். இல்லையாம், வீட்டில் ட்ராக் சூட்தானாம்.