கல்வாழைப் பாத்திக்கு எந்தச் சோப்புத் தண்ணீர் தேவலை?

துவைத்த தண்ணீரைக் கல்வாழை, சம்புப் பாத்திக்குத் திருப்பிவிட்டால் அழுக்கைச் செடி உறிஞ்சிவிடும் என்பார்கள். ஓரளவு உண்மைதான். 1950களிலேயே ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற ஆராய்ச்சியாளர், நீரில் கலந்த ஃபீனால் என்ற நச்சு ரசாயனத்தைக் கோரை நீக்குவதைக் காட்டினார். ஆனால் ஃபீனால் நன்றாகக் கரையும் பொருள். டீசல் புகையிலும் பழைய இன்ஜின் ஆயிலிலும் இருக்கும் ஃபினான்த்ரீன் என்ற எண்ணெய் மாசு அப்படியல்ல. லிட்டர் தண்ணீரில் சுமார் 1 மில்லிகிராம்தான் கரையும். மிச்சம் சேற்றிலும் வேர்த்தோலிலும் ஒட்டிக் கிடக்கும். தண்டுக்கு ஏறுவது சொற்பம். அங்கே சோப்பு வந்தால் கதை மாறுகிறது.

பழைய பார் சோப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உப்புத் தண்ணீரில் கால்சியத்தோடு சேர்ந்து திரிந்துவிடும், மீதியை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். எண்ணெய் மாசை அது பெரிதாகக் கிளப்பாது.

வாஷிங் பவுடரில் அழுக்கை நீக்கும் பொருளாக இருப்பது பெரும்பாலும் எல்.ஏ.எஸ். (லீனியர் ஆல்கைல்பென்சீன் சல்ஃபோனேட்). 1960களில் ஆறுகளெல்லாம் நுரைத்ததால், மட்காத பழைய வகைக்குப் பதிலாக வந்தது. காற்றிருந்தால் மட்கும், காற்றில்லாத சேற்றில் தாமதமாகும். சம்பு தன் தண்டின் காற்றுக்குழல் வழியே வேருக்கு ஆக்சிஜன் இறக்குவது இங்கேதான் கைகொடுக்கிறது.

லிக்விட்களில் சேரும் மின்சுமையில்லாத வகைதான் உண்மையில் சுவாரசியம். சோப்பு மூலக்கூறுகள் ஓர் அளவைத் தாண்டினால் குட்டிக் குட்டி உருண்டைகளாகத் திரண்டு, எண்ணெயை உள்ளே வைத்துக்கொள்ளும். ஷாம்பூவில் வரும் சோடியம் லாரில் சல்ஃபேட்டுக்கு அந்த அளவு லிட்டருக்கு 2 கிராமுக்கும் மேல். மின்சுமையில்லாத வகையைச் சேர்ந்த ட்வீன் 80க்கு (ஐஸ்கிரீமில் போடுகிறார்களே, அதேதான்) சுமார் 15 மில்லிகிராம் போதும். கொஞ்சமாக இருந்தால் சேற்றில் ஒட்டியதை இளக்கி வேரருகே கொண்டுவரும். வேர்ச் செல்லின் சவ்வும் சற்று நெகிழும். செடிக்குள் போவது கூடும். அளவு மீறினால் நேர்மாறு: உருண்டைக்குள் அடைபட்ட மாசு வேருக்குள் நுழையாமல் தண்ணீரோடே போய்விடும். சவ்வும் கெட்டு இலை கருகும். தண்ணீர் தெளிவாக வெளியேறுகிறது என்று நாம் சந்தோஷப்பட வேண்டியதில்லை, மாசு அதில்தான் பயணம் செய்யும்.

துணி மிருதுவாக்கும் திரவமும் பென்சல்கோனியம் கலந்த கிருமிநாசினியும் நேர்மின்சுமை கொண்டவை. எதிர்மின்சுமையுள்ள களிமண்ணில் பசைபோல ஒட்டி, எண்ணெய் மாசையும் பிடித்துவைக்கும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மாசு சிதையாமல் அங்கேயே தங்கும்; சிதைக்க வேண்டிய நுண்ணுயிர்களும் பாதிக்கப்படும்.

என் தேர்வு இதுதான். வீட்டுப் பாத்திக்குப் பார் சோப்பு, இல்லாவிட்டால் அளவாகப் போட்ட பவுடர். ஆயில் ஊறிய நிலத்தைச் செடி வைத்துச் சுத்தம் செய்வதென்றால், மின்சுமையில்லாத வகையை மிகக் குறைவாக, அதுவும் சோதித்துப் பார்த்த பிறகு. கிருமிநாசினி ஊற்றிக் கழுவிய தண்ணீரைப் பாத்திப் பக்கமே விட மாட்டேன். ஒர்க்‌ஷாப் தரை கழுவிய தண்ணீரும் வேண்டாம்: ஆயிலும் டிடர்ஜென்ட்டும் அதில் கலந்தே வருகின்றன, பக்கத்தில் கிணறு வேறு இருக்கும்.